பவுன்தாய்க்குள் இருந்த தேனீக்கள்

காற்று கூடுதலாக அடித்த ஓர் ஆனி மாதத்தில் எங்கள் ஏலத்தோட்டத்தின் மேல் எல்லையில் நின்ற காட்டுநாவல் மரம் வேரோடு சாய்ந்தது, அதன் பொந்தில் குடியிருந்த அடுக்குத்தேனீக் கூட்டம் வீடில்லாமல் மூன்று நாள் மழையில் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, நான்காம் நாள் காலையில் அந்த வழியாகக் களை எடுக்கப் போன என் மனைவி பவுன்தாய் அந்தக் கிளைக்குக் கீழே நின்று ஒரு கொட்டாவி விட்டாள், கூட்டம் முழுவதும் அவள் வாய்க்குள் போய்விட்டது.

இவ்வளவுதான் நடந்தது. போடிமெட்டுக்கு மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து போகும் உயரத்தில், பதினாறு குடும்பங்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில், அது ஏன் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டுகிறவர்களை முதலில் உள்ளே விட்டு, துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்து, அப்புறம்தான் யார் எவர் என்று விசாரிப்பது அங்கே வழக்கம். கூட்டம் உள்ளே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் எங்கள் அடுத்த வீட்டுச் சீனியம்மா. அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு பவுன்தாயின் முதுகைத் தடவிக்கொடுத்து, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாளாம். பவுன்தாய் இல்லை என்று தலையாட்டினாளாம். அப்படியானால் சரி, வரிசை பிந்துகிறது வா என்று சொல்லி, இருவரும் களை எடுக்கப் போய்விட்டார்கள்.

நான் அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். ஏலச்செடியை இலைப்பேனும் புழுவும் தின்னாமல் இருக்க, டிரம்மில் மருந்தைக் கலக்கி, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு செடிக்குச் செடி பீய்ச்சுவது என் வேலை. அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வீட்டுக்குள் போனபோது பவுன்தாய் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "மாமா, பயப்படாம கைய வை" என்று என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மாவு மில் ஓடும்போது வெளிச்சுவரில் கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, கொஞ்சம் சூடாக இருக்கிறது, குளிருக்கு அது நல்லதுதான் என்றாள். அவள் பேச்சுக்கு அடியில் இன்னொரு சத்தம் சேர்ந்து வந்தது, கோயிலில் ஒத்து ஊதுகிறவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே சுரத்தைப் போல.

மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் வந்து நின்று வாயை லேசாகத் திறந்தாள். ஜீப்பிலிருந்து ஆட்கள் இறங்குவது போல ஒவ்வொன்றாக அவள் கீழுதட்டில் வந்து நின்று, வெளிச்சத்தைப் பார்த்து, றெக்கையை உதறிக்கொண்டு, தோட்டத்துக்குள் பறந்து போயின. தண்ணீர்க் குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு சீனியம்மா, "தள்ளி நின்னு தொற பவுனு, குடத்துல விழுந்து தொலைக்கப்போகுது" என்றாள். பவுன்தாய் இரண்டடி தள்ளி நின்றாள். அன்றிலிருந்து அந்த இடம் அவளுக்கு என்று ஆகிவிட்டது. அங்கே யாரும் துணி காயப்போடவில்லை.

ஏலப்பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றாலும் பூ என்னவோ தூரில்தான், தரையோடு ஊர்ந்து போகும் சரத்தில், சருகுக்கும் ஈரத்துக்கும் நடுவில் பூக்கும். வெள்ளைப் பூ, அதன் உதட்டில் ஊதா நிறத்தில் கோடுகள், எல்லாக் கோடும் உள்ளே போகும் வழியைக் காட்டும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மலர்ந்து சாயங்காலத்துக்குள் வாடிவிடும். ஒரே ஒரு பகல்தான் அதற்கு ஆயுசு. அந்தப் பகலுக்குள் ஒரு தேனீ வந்து உள்ளே நுழைந்து முதுகில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குள் நுழைய வேண்டும். வந்தால் காய். வராவிட்டால் மறுநாள் காலையில் பூ சருகின் மேல் கிடக்கும். மழையோ காற்றோ செய்ய முடியாத வேலை அது, மனுஷன் உட்கார்ந்து செய்தாலும் ஒரு நாளில் ஒரு செடிக்கு மேல் முடியாத வேலை. அந்த வருஷம் பவுன்தாய் வேலை செய்த ஏலக்காடுகளில் சரத்துக்குச் சரம் காய் நெருங்கிப் பிடித்தது. கங்காணி மொக்கராசு குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு, நாளையிலிருந்து நீ களைக்கொத்தைத் தொட வேண்டாம், காட்டுக்குக் காடு போய் நில், அது போதும் என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் லயமே அவளுக்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது, யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாக நினைவில்லை, ஒரு வீட்டில் பிரசவம் என்றால் பக்கத்து வீட்டில் அம்மி சத்தம் தானாகக் குறைவது போலத்தான் எல்லாம் நடந்தது. புகை தேனீக்கு ஆகாது என்பதால் பவுன்தாய் அடுப்பண்டை போவதை விட்டாள், நான் பீடியை விட்டேன், சமையலையும் நான் எடுத்துக்கொண்டேன். படுத்தால் உள்ளே புரண்டு இரைச்சல் போட்டன என்பதால் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கப் பழகினாள், அவள் தோளில் தலை வைத்து உட்கார்ந்தபடியே தூங்க நானும் பழகிக்கொண்டேன். வெற்றிலை போடுவதை நிறுத்தியது ஒன்றுதான் அவளுக்கு வருத்தம், அதைவிடச் சீனியம்மாவுக்கு வருத்தம், ஏனென்றால் அவளுக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. அந்த வருத்தத்தை அவள் என் குழம்பின் மேல் காட்டினாள்.

"அண்ணே, இன்னைக்கு உப்பு பத்தலயாம்ல. பூராத் தேனீயும் வெளிநடப்பு பண்ணிருச்சாம்."

பவுன்தாய் வாய்விட்டுச் சிரிக்க முடியாது, சிரித்தால் நாலைந்து வெளியே தெறித்துவிடும். அதனால் மூக்கால் சிரிப்பாள், தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். அதைப் பார்ப்பதற்கென்றே சீனியம்மா தினமும் ஏதாவது சொல்லுவாள். உள்ளே ஒரு ராணி, வெளியே ஒரு ராணி, நடுவில் எங்கள் அண்ணன் மட்டும் வேலைக்காரத் தேனீ என்பாள்.

வாரம் ஒரு முறை தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும் கம்பவுண்டர் பவுன்தாயின் முதுகில் குழலை வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காதிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றும் கோளாறு இல்லை என்று சொல்லி, தூக்கம் வராமல் கஷ்டப்படும் தன் தாயாரை ஒரு நாள் கூட்டிவரலாமா என்று கேட்டார். கூட்டிவந்தார். அந்த அம்மாள் பவுன்தாயின் மடியில் தலை வைத்து மதியம் முழுவதும் தூங்கிவிட்டுப் போனார். அதன் பிறகு லயத்தில் சிணுங்கும் பிள்ளைகளையும் கொண்டுவந்து அவள் மேல் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவள் மடி எப்போதும் காலியாக இருக்கும் என்று ஒரு கணக்கு அவர்களுக்கு. அதில் அவளுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பெண் கேட்க வருகிறவர்களைப் போல ஒரு சீப்புப் பழத்தை வைத்துவிட்டு, எங்கள் காட்டுக்கும் ஒரு நடை வந்து போங்கள் மதினி என்று கூப்பிடுவார்கள். அவளும் போய் நின்றுவிட்டு வருவாள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் வேட்டு போடவில்லை. மேளக்காரர்களைக் கோயில் வாசலில் அடிக்கவிடாமல் எதிர் மேட்டுக்கு அனுப்பி அங்கிருந்து அடிக்கச் சொன்னார்கள், பவுன்தாய்க்கும் கேட்க வேண்டும், அவைகளும் மிரளக் கூடாது என்று. பள்ளத்தாக்கைத் தாண்டி மெலிந்து வந்த அந்த மேளத்துக்கு அம்மன் இறங்கி ஆடியவர்கள்கூட அன்று மெதுவாகத்தான் ஆடினார்கள்.

சாயங்காலங்களில் அவள் சொல்லும் சேதிகள் எனக்குப் பிடிக்கும். எல்லாம் உள்ளே வந்து அடங்கிய பிறகு, நான் அரிசி களையும்போது, அவள் கண்ணை மூடிக்கொண்டு, கிழக்குச் சரிவில் செண்பகம் பூத்துவிட்டது, ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டு மிளகுக்கொடி ஏதோ ஒரு புது மரத்தில் ஏறுகிறது, பாறைக்கு மேலே யாரும் போகாத இடத்தில் ஒரு நீலப் பூ இருக்கிறது, பெயர் தெரியவில்லை, ஆனால் கசப்புத் தேன் என்று சொல்லுவாள். மாசியில் அவள் மூச்சு காப்பிப் பூவாக மணத்தது. சித்திரையில் நாவல் பூவாக. அவள் தூங்கும்போது சில நாள் கடைவாயில் ஒரு சொட்டு தேன் வந்து நிற்கும். அதை நான் விரலால் துடைத்து எடுத்துக்கொள்வேன். அந்த ஊரில் அவ்வளவு பேர் இருந்தும் அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அது புருஷனுக்குச் சேர வேண்டியது என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மருந்தடிப்பதற்கும் ஒரு முறை உண்டாயிற்று. முன்பே எங்களுக்கு வழக்கம் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் மருந்து, தேனீ எல்லாம் பூவை விட்டுப் போன பிறகு. இப்போது அதற்கு மேல் ஒன்று சேர்ந்தது. டிரம்மில் கலக்குவதற்கு முன் மருந்தடிக்கிற நாங்கள் மூன்று பேரும் பவுன்தாய் நிற்கும் இடத்துக்குப் போய், "எல்லாம் வந்திருச்சா?" என்று கேட்போம். அவள் கொஞ்ச நேரம் உள்ளே காது கொடுத்துக் கேட்பாள். அவைகளை அவள் எண்ணுவதில்லை, ஆனால் ஒன்று குறைந்தாலும் தெரியும், பல்வரிசையில் ஒரு பல் இல்லாதது நாக்குக்குத் தெரிவது போல என்று சொல்லுவாள். இன்னும் ஒன்று வரவில்லை என்றால் உட்கார்ந்திருப்போம். அந்த ஒன்று எங்கோ ஒரு பூவில் மயங்கிக் கிடந்துவிட்டு ஆடி அசைந்து வரும். வந்ததும் அவள் தலையாட்டுவாள். அப்புறம்தான் மூடியைத் திறப்போம்.

மருந்தடிக்கிறவர்களுக்குள் இன்னொரு முறையும் உண்டு, அது எங்களுக்கும் முந்தையது. கலக்கின மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. மறுநாளைக்கு வைத்தால் அது இலையைப் பொசுக்கும். மண்ணில் கவிழ்த்தால் சரிவில் இறங்கி ஓடைக்குப் போகும், ஓடைத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். அதனால் டிரம்மைப் பார்த்துக் கலக்க வேண்டும், கலக்கினால் அடித்து முடித்துவிட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு டிரம்கூட மிச்சம் வைத்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமைப்பட எனக்கு வேறு அதிகம் இல்லை.

அடுத்த வருஷம் ஆடி பிறந்தபோது தேனீக்கள் அவளுக்குள் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. பூ உச்சத்தில் இருந்த நேரம். பதினைந்து நாளாக மதியத்துக்கு மேல் மழை தவறாமல் பெய்ததால் எங்களால் மருந்தடிக்க முடியவில்லை, அடித்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். கீழ்க்காட்டில் பேன் விழுந்து காயெல்லாம் சொறி பிடித்தது. மொக்கராசு தினமும் நாலு காயைப் பறித்துவந்து என் கையில் வைத்துவிட்டுப் போவார்.

அன்று விடியற்காலையில் சாரல். குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. சாரல் நாட்களில் தேனீ வெளியே வராது. பவுன்தாய் வாசலில் நின்று வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்று உதடு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"இன்னைக்கு ஒண்ணும் கெளம்பாது மாமா," என்றாள். "எல்லாம் சுருண்டு படுத்துருக்கு."

அதை நான் மொக்கராசிடம் சொன்னேன். அப்படியென்றால் காலையிலேயே அடித்துவிடலாம், மதிய மழைக்கு முன்னால் இலையில் காய்ந்துவிடும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பவுன்தாய் பெண்களோடு மேட்டுக்கு அந்தப் பக்கம் மேல்காட்டுக்குப் போனாள். நான் கீழ்க்காட்டில் ஓடையோரம் டிரம்மை வைத்து, தண்ணீர் நிரப்பி, மருந்தை ஊற்றி, கம்பால் கலக்கினேன். கலக்கி முடித்துக் கம்பை டிரம் விளிம்பில் தட்டி எடுக்கும்போது என் நிழல் மருந்தின் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேகம் இரண்டாகப் பிளந்து வெயில் வந்திருந்தது, ஆடி மாதத்தில் நாங்கள் மறந்தே போயிருந்த மாதிரியான வெயில், செடிகளிலிருந்து ஆவி எழும்பியது, தூரெல்லாம் பூ வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

"வெயில் வந்திருச்சு கங்காணியாரே," என்றேன்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"அதுக கெளம்பிருக்கும்."

அவர் டிரம்மைப் பார்த்தார். "கலக்கியாச்சா?"

"கலக்கியாச்சு."

"நீயே சொல்லுப்பா சன்னாசி. உம் பொண்டாட்டி, உன் டிரம்மு. நீ வேணாம்னா வேணாம்."

அவர் மேல் நான் எந்தப் பழியும் சொல்ல மாட்டேன். அவர் என்னிடம்தான் விட்டார். நான் யோசித்தேன். மேல்காடு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தேன். அங்கேயும் பூ இருக்கிறது, அங்கிருந்து இங்கே வர அவைகளுக்கு என்ன அவசியம் என்று யோசித்தேன். ஒரு ஆளை அனுப்பிக் கேட்டு வரச் சொல்லலாம், போய்வர அரை மணி நேரம், அதற்குள் திரும்ப மேகம் மூடினால் டிரம் மிச்சமாகிவிடும் என்று யோசித்தேன். இத்தனையும் யோசித்த நான், பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த ஒன்றை, சாரலில் அடைந்து கிடந்த தேனீ வெயிலைக் கண்டால் எல்லாம் ஒன்றாக, பசியோடு, எங்கே பூ அதிகமோ அங்கேதான் பாயும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதன் பக்கம் நான் திரும்பவில்லை. பம்பைப் போடச் சொன்னேன்.

பாதி டிரம் அடித்திருப்பேன். இலைகளின் மேல் சிறு கல் விழுவது போல டப் டப்பென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மழை என்று நினைத்து மேலே பார்த்தேன், வானம் தெளிவாக இருந்தது. கீழே பார்த்தேன். குழாயைப் போட்டுவிட்டேன்.

மேட்டின் மேலிருந்து பவுன்தாய் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே மருந்துப் புகையைப் பார்த்திருக்கிறாள். அவள் கத்தவில்லை, ஓடவில்லை, ஓடினால் திரும்பி வருகிறவைகளுக்கு இடம் தவறிவிடும் என்பது போல நிதானமாக, வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மருந்தில் நனைந்து, றெக்கை ஒட்டி, தள்ளாடித் தள்ளாடி அவைகள் அவளை நோக்கி வர ஆரம்பித்தன.

முதலில் புரிந்துகொண்டவள் சீனியம்மா. "வாய மூடு பவுனு," என்றாள். "மூடுடி. அது மேல பூரா மருந்து."

பவுன்தாய் மூடவில்லை. ஒன்று வந்து உதட்டில் உட்கார்ந்து, காலைத் துடைக்கப் பார்த்து, முடியாமல் உள்ளே ஊர்ந்து போனது. அடுத்தது போனது. மொக்கராசு தலைத்துண்டை உருவி அவள் வாயைக் கட்டப் போனவர், பக்கத்தில் போனதும் கை ஓடாமல் துண்டைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு அழுதார். நான் போய் என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன். என் புறங்கையின் மேல் அவைகள் வந்து உட்கார்ந்தன, பூட்டிய வீட்டு வாசலில் உட்காருகிறவர்கள் போல, ஒன்றின் மேல் ஒன்று. பவுன்தாய் என் கையைப் பிடித்து விலக்கினாள். அதில் கோபம் இல்லை. வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளையை விலக்குவது போல விலக்கிவிட்டு, என் புறங்கையைத் தன் உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்தவைகள் ஏறிப் போகும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

பறக்க முடியாமல் இலைகளில் கிடந்தவைகளைப் பெண்கள் பொறுக்கி முந்தானையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்துக் கையை நீட்டினாள். பவுன்தாய் அதுவரை அவர்களிடம் எதையும் கேட்டதில்லை. யாரும் நகரவில்லை. பிறகு சீனியம்மா, ஏதோ சபிக்கிற மாதிரி முனகிக்கொண்டே, தன் முந்தானையை அவிழ்த்து அவள் கையில் கொட்டினாள். மற்றவர்களும் கொட்டினார்கள். மதியம் மழை வரும் வரைக்கும் அது நடந்தது.

வீட்டில் கொண்டுவந்து சுவரில் சாய்த்து உட்காரவைத்தபோது அவள் உடம்பு தணலாகக் கொதித்தது. நெஞ்சில் கை வைத்தேன். மில் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது விட்டு விட்டு ஒரு நடுக்கம் மட்டும் இருந்தது. ஏன் மூடவில்லை என்று கேட்டேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"வீட்டுக்கு வர்றதுகள," என்றாள், மூச்சை இழுத்துக்கொண்டு, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாமா வெளிய நிறுத்துறது?"

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு, "வெயில் வந்தத நீ பாக்கலையா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "பாத்தேன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "டிரம்மு முடிஞ்சிருச்சா?"

"இல்ல. பாதி மிச்சம் கெடக்கு."

"மிச்சம் வச்சுட்டியா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் பழியும் இல்லை, ஆறுதலும் இல்லை, என்னைப் பற்றி ஒரு புதுச் சேதி கேள்விப்பட்டது போல இருந்தது.

ஜீப்பில் போட்டுக் கீழே இறக்கினோம். ஊசிவளைவு ஒவ்வொன்றிலும் அவள் தலையை என் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் வாயை மோந்து பார்த்ததுமே, மருந்து குடித்தாளா, வீட்டில் சண்டையா என்று நர்சம்மா கேட்டார். அந்த மலையிலிருந்து அப்படி வருகிறவர்கள் அதிகம். எனக்கு ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. மொக்கராசுதான், தேனீ, தாயி என்றார். நர்சம்மா தேனீ கொட்டியது என்று எழுதிக்கொண்டார். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், குழாய் விட்டுக் கழுவினார்கள், கழுவிய தண்ணீரில் மெழுகு மிதந்ததைப் பார்த்து ஒரு இளம் டாக்டர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நாலு நாள் இருந்தாள். ஒவ்வொரு நாளும் உள்ளே சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு காதை ஒட்டி வைத்தால்தான் கேட்டது, அது தேனீயா, அவள் நெஞ்சில் சளியா என்று பிரிக்க முடியவில்லை. நாலாம் நாள் முற்பகலில் கண் திறந்து, பக்கத்துக் கட்டில்களையும் ஜன்னலையும் பார்த்துவிட்டு, உள்ளே காது கொடுத்துக் கேட்பது போல வெகுநேரம் இருந்தாள்.

"இன்னும் ஒண்ணு வரல," என்றாள்.

வரும் என்றேன். அந்த மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். கண்ணை மூடிவிட்டேன். வாயை மூடத் தாடைக்குத் துணி கட்ட வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். பெண்கள் மாரடித்து அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் அழுதார்கள், பதின்மூன்று மாதப் பழக்கம். கீழ்க்காட்டில் அந்த ஆடியில் பூத்ததெல்லாம் பூவாகவே விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் தூருக்குத் தூர் பழுப்பு நிறத்தில் நனைந்து கிடக்கும், நடந்தால் செருப்பில் ஒட்டும்.  நான் மருந்தடிக்க இனி வரமாட்டேன் என்றபோது மொக்கராசு களைக்கொத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

இது நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. புதைத்து ஒன்பதாம் நாள் நடந்ததைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

லயத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நல்ல வெயில். நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஓடைப் பக்கமிருந்து ஒரு தேனீ வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ, எந்த மரத்தின் பட்டைக்குள் ஒதுங்கிக் கிடந்ததோ, ஒரு பக்கத்து றெக்கை நுனி கிழிந்திருந்தது, இரண்டு பின்னங்கால்களிலும் மஞ்சளாக மகரந்தம் இருந்தது. பவுன்தாய் வழக்கமாக நிற்கும் இடத்தில், அவள் வாய் இருந்த உயரத்தில், அது வந்து நின்று சுற்றியது. தள்ளிப் போய்விட்டுத் திரும்பவும் அதே உயரத்துக்கு வந்தது. கதவு இருந்த இடத்தில் காற்று மட்டும் இருந்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு மெதுவாக இறங்கி, என் முகத்துக்கு நேராக வந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

அது என் கீழுதட்டில் வந்து உட்கார்ந்தது. ஆறு கால்களும் தனித்தனியாகத் தெரிந்தன. எடையே இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நடந்தது, நின்றது, திரும்பியது. உள்ளே பார்த்தபடி நின்றது. என் மூச்சு அதன் மேல் படக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். நான் அசையவில்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. வா, என்று மனசுக்குள் சொன்னேன், என்ன இருக்கிறதோ இல்லையோ, வா. அது ஒரு எட்டு முன்னால் வைத்தது. அதன் முன்கால் என் பல்லைத் தொட்டது. மார்பு அடைத்தது, காது இரைந்தது, கண்ணுக்கு முன்னால் தோட்டம் கறுத்துக்கொண்டு வந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருக்க முடியும். மூச்சு விட்டேன். அது போய்விட்டது.